ஆமாம் சொல்லும் வெள்ளைக்காரியும் பேண்டு வாத்தியமும்

பாக்சாபாம்பா,
1998 மே 12, செவ்வாய், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு (சாப்பிடவில்லை)

என் மரியாதைக்கும் பயத்துக்கும் உரிய மூத்த சகோதரி நத்திவிதாத் அக்காவுக்கு, உடன்பிறந்த தம்பி எர்மோகெனெஸ் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு எழுதிக்கொள்வது.

இவ்விடம் நான், வீட்டுக்காரி விசென்டினா, மாடு இரண்டு, கினிப்பன்றி பதினெட்டு, எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அதற்குமேல் விசேஷமாகச் சொல்ல ஒன்றுமில்லை. அவ்விடம் நீயும் அத்தானும் அத்தானுடைய முழங்காலும் சௌக்கியமாக இருக்கவேண்டும் என்று புனித இசிதோரை வேண்டிக்கொள்கிறேன். அவர் இப்போது என் வேண்டுதலைக் காதில் போட்டுக்கொள்ளும் நிலையில் இருக்கிறாரா என்பது வேறு விஷயம்.

அக்கா, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை திருவிழாவுக்கு நீ வரவேண்டாம். அத்தான், பிள்ளைகள், சம்பந்தி வீட்டார், யாரையும் கூட்டி வரவேண்டாம். கேட்டால் எனக்கு அம்மை போட்டிருக்கிறது என்று சொல். போன மாதம்தானே வா வா என்று எழுதினான், இந்த மாதம் என்ன வந்தது இவனுக்கு என்று நீ பல்லைக் கடிப்பாய். போனில் சொல்லலாமென்றால் ஊரில் இருக்கும் ஒரே போன் யூஃப்ரேசியா கடையில் இருக்கிறது. நான் அங்கே போய் எண்ணைச் சுழற்றினால், நீ 'ஹலோ' சொல்வதற்குள் விஷயம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விடும். அதனால்தான் இந்தக் கடிதம்.

எல்லாம் அந்த வெள்ளைக்காரியால் வந்தது. பெயர் மர்யேத்தா. ஸ்லொவீனியா என்று ஒரு தேசமாம். அறுபது வயதிருக்கும், ஆறடி உயரம், தனியாக ஊர் சுற்ற வந்தவள். வெந்நீர் ஊற்றில் குளிக்கவென்று நம் ஊருக்கு வந்து, ஏப்ரல் இருபத்து மூன்றாம் தேதியிலிருந்து நம் மாடி அறையில்தான் வாடகைக்கு இருக்கிறாள். மன்னிக்கவும், இருந்தாள். அவளுக்குத் தெரிந்த ஸ்பானிஷ் மொத்தம் பதினாலு வார்த்தை. நான் எண்ணிப் பார்த்தேன். அந்தப் பதினாலில் அவள் வாயில் புழங்குவது மூன்றுதான்: "ஆமாம், நன்றி, ரொம்ப ருசி." இந்த மூன்றையும் ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு தேசம் தேசமாகச் சுற்றுகிறாள் என்றால் அந்தத் துணிச்சலை என்னவென்று சொல்வது! வந்த அன்று என்ன வேலை பார்த்தீர்கள் அம்மணி என்று விசாரித்தேன். வாயைத் திறந்து விரலை உள்ளே விட்டுக் காட்டினாள். ஐயோ பாவம், பல்வலி என்று கிராம்பு இடித்துக் கொடுத்தேன். "ஆமாம், நன்றி, ரொம்ப ருசி" என்று முழுங்கிவிட்டாள். பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தவள் என்று மூன்று நாள் கழித்து விசென்டினாதான் கண்டுபிடித்தாள்.

முடிதிருத்துகிறவன் கடைக்குப் போனாள், அவன் கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்றாள், பட்டாளத்துக்குப் புதிதாகச் சேர்ந்தவன் மாதிரி வெளியே வந்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வரிசை நிற்கிறதே, ஏதாவது கொடுப்பார்கள் போல என்று அவளும் போய் நின்றிருக்கிறாள். அது பாவசங்கீர்த்தன வரிசை. சாமியார் பாவங்களை ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார், அவள் எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து சாமியார் அவளைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார். இதையெல்லாம் நானும் சிரித்தேன் அக்கா, மறைப்பானேன். ஊரே சிரித்தது. அடுத்தது என் தலையில்தான் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

இந்த வருஷம் புனித இசிதோருக்கு விழா எடுக்கும் பொறுப்பை நான் ஏன் தலைமேல் ஏற்றிக்கொண்டேன் என்று உனக்குத் தெரியும். போன ஆகஸ்டில் விசென்டினாவை வயிற்றில் கத்தி வைக்க உள்ளே கொண்டு போனபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்காலிட்டு, இவளை எனக்குத் திருப்பிக் கொடு, உன்னை மேளதாளத்தோடு ஊரைச் சுற்றி அழைத்துப் போகிறேன் என்று வாய்விட்டுச் சொன்னேன். கொடுத்துவிட்டார். நான்தான் இன்னும் பாக்கி. அதற்காகப் பிப்ரவரியிலேயே வீடு வீடாக ஹுர்க்கா ரொட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். பூ அலங்காரத்துக்கு ஒரு ரொட்டி, வாணவேடிக்கைக்கு ஒன்று, காளைகளின் ஜோடனைக்கு ஒன்று. வாங்கிக் கடித்தவர் கேட்டதைக் கொண்டுவந்தே தீரவேண்டும், கடித்த ரொட்டியைத் திருப்பித் தர முடியாது, ஒரு காரியத்துக்கு இரண்டு பேரிடம் ரொட்டி நீட்டவும் கூடாது. இதெல்லாம் நீயும் நானும் பால் குடிக்கும்போதே கற்றது. பேண்டு வாத்திய ரொட்டியை மட்டும் கடைசிக்கு வைத்தேன். வாத்தியக்காரன் யார்? விசென்டினாவின் தம்பி போலிகார்ப்போ. நம் வீட்டு ஆள்தானே, ஓடியா போய்விடுவான், கடைசியில் ஒரு மரியாதைக்குக் கொடுத்தால் போதும் என்று இருந்துவிட்டேன். இந்த ஒரு புத்திசாலித்தனம்தான் என்னைக் கொண்டுபோய்க் குழியில் தள்ளியது.

மே மூன்றாம் தேதி, ஞாயிறு காலை. வண்டிச் சக்கரம் அளவு ரொட்டி, மேலே கலர் சர்க்கரை உருண்டை, நடுவில் மாவுப் பொம்மை, பக்கத்தில் பூச்செண்டு, மக்காச்சோளக் கள் ஒரு குடம். சாட்சிக்கு எட்டுப் பேர் முற்றத்தில் நிற்கிறோம். போன வருஷம் விழா எடுத்தவள் என்ற முறையில் யூஃப்ரேசியாவும் கறுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து நிற்கிறாள். போலிகார்ப்போ வீட்டுக்குக் கிளம்பவேண்டும், அவ்வளவுதான். மாடிப்படியில் இந்த வெள்ளைக்காரி கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கி வருகிறாள். கையில் தின்கிற பொருளை வைத்துக்கொண்டு எதிரே வருகிறவரைக் கூப்பிடாமல் இருக்க முடியுமா, நாம் என்ன மிருகமா? "சாப்பிடுங்கள் அம்மணி" என்றேன். உபசாரத்துக்குத்தானே அக்கா! நாம் கூப்பிடுவோம், அவர்கள் நன்றி சொல்லி, உங்களுக்கு நன்றாகச் செரிக்கட்டும் என்று விலகிப் போவார்கள். கூப்பிட்டால் உண்மையிலேயே சாப்பிட்டுவிடுகிற ஜனங்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்று நான் கண்டேனா? அவள் "ஆமாம், நன்றி" என்று மாவுப் பொம்மையின் தலையோடு சேர்த்து ஒரு விள்ளல் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

எட்டுப் பேரும் முழித்தார்கள். நான் சிரித்துச் சமாளித்து, வேறு ரொட்டி சுட்டுக்கொண்டு போகலாம் என்று வாயெடுத்தேன். யூஃப்ரேசியா விடவில்லை.

"ரொட்டியக் கடிச்சாச்சு எர்மோகெனெஸ். கேக்க வேண்டியதக் கேட்டுடுங்க. கேக்காம விட்டா சாமி குத்தம். வீட்ல உடம்பு சரியில்லாதவங்க வேற இருக்காங்க."

அந்தக் கடைசி வார்த்தைக்குப் பிறகு நான் எப்படி மறுப்பேன்? விளையாட்டுப்போல முடித்துவிடலாம் என்று தொப்பியைக் கழற்றி, முறைப்படி, "திருவிழா அன்று எங்கள் சாமிக்குப் பேண்டு வாத்தியம் கொண்டுவருவீர்களா அம்மணி?" என்று கேட்டேன். அவள் வாயில் ரொட்டியோடு, "ஆமாம்" என்றாள். அப்புறம் எட்டுப் பேரையும் பார்த்து, "ரொம்ப ருசி" என்றாள். யூஃப்ரேசியா சிலுவை போட்டுக்கொண்டு, எனக்கு முன்னால் வாசலைத் தாண்டிப் போனாள்.

நான் போலிகார்ப்போ வீட்டுக்கு ஓடிப்போய்ச் சேருவதற்குள் விஷயம் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. அவன் தன் பெரிய குழலைத் துணியால் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"எல்லாருக்கும் பிப்ரவரில குடுத்தீங்க அத்தான், எனக்கு மே மாசம். சரி, அக்கா புருஷனாச்சேன்னு வாயத் தொறக்காம இருந்தேன். இப்ப அதையும் வழியில போறவளுக்குக் குடுத்துட்டீங்க. பதினஞ்சாம் தேதி விழாவுக்கு, வாசல்ல காத்துக்கிட்டிருந்த பக்கத்து ஊர் டின்டாபாட்டாக்காரங்க ரொட்டிய இப்பதான் கடிச்சேன். பதினெட்டுப் பேரும் அங்கதான் போறோம்."

காலில் விழாத குறைதான். ஆனால் கடித்தது கடித்ததுதானே, அவன் மட்டும் என்ன செய்வான். சுற்றுவட்டாரத்தில் மற்ற பேண்டுகளுக்கெல்லாம் ஈஸ்டர் முடிந்ததுமே ஆள் வந்துவிட்டது. ஆகமொத்தம் புனித இசிதோரின் வாத்தியம், வெந்நீரில் குளிக்க வந்த ஒரு பல் டாக்டர் உதவியாளரின் கையில்.

சரி, அவளுக்கு விளக்கிப் புரியவைத்துவிட்டால் ஏதாவது வழி பிறக்கும் என்று உட்கார்ந்தேன். முப்பத்தோரு வருஷம் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவன் நான். என் ஸ்பானிஷைக் கேட்டுக் குஸ்கோ வக்கீல்களே வாயடைத்து நின்றிருக்கிறார்கள். தினமும் காலை டிபனுக்குப் பின் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம், விழாவின் வரலாறு, ரொட்டியின் சட்டநிலை, வாக்குத் தவறினால் வரும் விளைவு என்று தலைப்பு பிரித்துப் பேசினேன். புரியவில்லையோ என்று மறுபடி சத்தமாகப் பேசினேன். மூன்றாம் நாள் நான்கு பக்கத்துக்கு ஒரு மனுவே எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதை இரண்டு கையாலும் வாங்கி, "நன்றி" என்று சொல்லி, நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்து, நடுவில் ஒரு பூவையும் வைத்து மூடினாள். பூ வைக்கிறாள் அக்கா, மனுவுக்குள்! இடையிடையே அவளும் நோட்டைத் திறந்து ஏதோ படத்தைக் காட்ட வருவாள். நான் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே படம் காட்டினால் எனக்குக் கோர்வை போய்விடுகிறது. விசென்டினா, "கொஞ்சம் வாய மூடுங்க, அவளும் எதோ சொல்ல வர்றால்ல" என்று என்னையே திட்டினாள். நான் காதில் வாங்கவில்லை. பதினாலு வார்த்தையில் என்ன சொல்லிவிடப் போகிறாள்?

நேற்று, திங்கள்கிழமை காலை, அவள் கிளம்பிவிட்டாள். அறை துடைத்து வைத்தது போல் இருக்கிறது, போர்வை மடித்திருக்கிறது, பையைக் காணோம். தொப்பிகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினேன். நம் ஊர் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, கேட்டவரிடம் தெரியாது என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்புவது மரியாதை இல்லையே! முடிதிருத்துகிறவன், குஸ்கோ பஸ்ஸில் போனாள் என்றான். பஸ் நிலையத்துக் கிழவர், ஆற்றைத் தாண்டி நடந்து போனாள் என்றார். ரொட்டிக் கடைக்காரி, கோயிலுக்குள்தான் இருக்கிறாள் என்றாள். பள்ளிக்கூட வாத்தியார் சிக்குவானி பக்கம் கையைக் காட்டினார். நான்கு திசையிலும் போய்வந்தேன். சிக்குவானி வரைக்கும் தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து போய்ச் சந்தை முழுக்கத் தேடினேன். எங்கும் இல்லை. தெரிந்தே ஓடியவள்.

நம் சின்ன வயதில், வாத்தியம் வராமல் சாமி வெறுமனே ஊர்சுற்றி வந்ததே ஒரு வருஷம், அந்த ரொசெந்தோவை இன்றுவரைக்கும் ஊமைத் திருவிழா ரொசெந்தோ என்கிறார்கள். அவர் செத்துப் பன்னிரண்டு வருஷமாகிறது, பேத்தி கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தாலும் ஊமைத் திருவிழா வீட்டிலிருந்து வந்திருக்கிறார்கள் என்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். நிஜமாகச் சொல்கிறேன், அதைத் தாங்கிக்கொள்வேன். இந்த விசென்டினாவை நினைத்தால்தான் எனக்கு ஈரக்குலை நடுங்குகிறது. நேற்றிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. இன்று காலை அடுப்படியில், கையை வயிற்றுத் தழும்புமேல் வைத்துக்கொண்டு, "குடுத்தத அவரு திருப்பிக் கேட்டா என்னங்க பண்றது?" என்றாள். நான் ஒரு அதட்டு அதட்டிவிட்டு மாட்டுக்கொட்டிலில் போய் உட்கார்ந்து அழுதேன். நான் அழுததை அத்தானிடம் சொல்லாதே.

ஒரே ஒரு உதவி. உன் பக்கத்து வீட்டுக்காரர் கல்யாணங்களுக்கு ஒலிபெருக்கி வைக்கிறாரே, அதையும் பேண்டு வாத்திய கேசட் ஏதாவது இருந்தால் அதையும் நாளை மறுநாள் பஸ்ஸில் ஏற்றிவிடு. கேசட் வைத்துச் சாமி தூக்குவது அவமானம்தான், ஆனாலும் வெறும் செருப்புச் சத்தத்தில் அவரை வெளியே கொண்டுவர என்னால் முடியாது. வெள்ளிக்கிழமை முடிந்ததும் மாடி அறையைப் பூட்டி, சாவியை ஆற்றில் எறிந்துவிடுவேன். பாஷை தெரியாத ஒரு ஜீவனை இனி இந்த வீட்டுப் படியேற விடமாட்டேன், இது சத்தியம்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள், அவர்கள் யாரையும் எதற்கும் உபசாரமாகக் கூப்பிடாமல் நீடூழி வாழட்டும். உனக்கு ஆண்டவர் எல்லா நலமும் தரட்டும், மீதி இருந்தால் எனக்கும் கொஞ்சம் அனுப்பட்டும்.

இப்படிக்கு,
உன் துரதிர்ஷ்டக்காரத் தம்பி
எர்மோகெனெஸ் சல்கோ

பின்குறிப்பு, மே 17, ஞாயிறு:

அக்கா, மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு. புதன்கிழமை நெடுஞ்சாலையில் மறியல் ஆரம்பித்துக் கல்லை உருட்டிப் போட்டுவிட்டார்கள். பஸ் போகவில்லை, கடிதமும் போகவில்லை, நீயும் வர முடியவில்லை, ஒலிபெருக்கியும் இல்லை. நான்கு தாளை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லாததால் இதிலேயே தொடர்கிறேன்.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்தது. பதினாறு பேர் சாமியைத் தோளில் தூக்கிக் கோயில் வாசலில் நிறுத்திவிட்டார்கள். ஊர் முழுக்கச் சதுக்கத்தில். ஒரு சத்தமில்லை. யூஃப்ரேசியா என்னைப் பார்க்கவில்லை, வேண்டுமென்றே வானத்தைப் பார்த்தாள், அதுதான் தாங்கவில்லை. சாமியார், கிளம்பலாமா என்று கண்ணால் கேட்டார். இன்னும் கொஞ்ச நேரம் என்றேன். எதற்கு என்று எனக்கே தெரியாது. தூக்கினவர்கள் தோள் மாற்றினார்கள், இரண்டு முறை மாற்றினார்கள். விசென்டினா என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். கடைசியில் நான் தலையை ஆட்டிவிட்டேன். முதல் அடி எடுத்து வைத்தார்கள். அப்போது மேட்டுப் பாதையிலிருந்து, நெடுஞ்சாலைப் பக்கமே இல்லை, அல்பாக்கா மேய்க்கிறவர்கள் இறங்கி வரும் அந்தப் பாதையிலிருந்து, டமார் என்று ஒரு முரசுச் சத்தம்.

உருளைக்கிழங்கு லாரி. மேலே நின்றுகொண்டே ஊதிவந்த பதினோரு கிழவர்கள். முன்சீட்டில் மர்யேத்தா, அவள் பக்கத்தில் சந்தையில் பாலாடைக்கட்டி விற்கும் காசிமிரா. காசிமிராவை உனக்குத் தெரியும், மலைக்காரர்களின் கெச்சுவா பாஷையைத் தவிர வாயில் ஒன்றும் வராது, அவள் ஸ்பானிஷும் பத்துப் பன்னிரண்டு வார்த்தைக்குமேல் தேறாது. நடந்தது என்னவென்று விசென்டினா அவளிடம் கெச்சுவாவில் கேட்டுச் சொன்னாள். மே மூன்றாம் தேதியே, மிச்ச ரொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, எல்லோரும் ஏன் அப்படி முழித்தார்கள் என்று தெரிந்துகொள்ள மர்யேத்தா சந்தைக்குப் போயிருக்கிறாள். காசிமிரா வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, சாமி படத்தைக் காட்டி, கன்னத்தை உப்பிக் குழல் ஊதி, தகர டப்பாவைத் தட்டி, தேதிக்குப் பதினைந்து விரல் எண்ணிக் காட்டியிருக்கிறாள். கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து, எனக்குத் தெரியும், நான் கொண்டுவருகிறேன், பயப்படாதே என்று என்னிடம் சொல்லத்தான் அந்த நோட்டைத் தூக்கித் தூக்கி வந்திருக்கிறாள். நோட்டை நேற்றுப் பார்த்தேன். முரசு, குழல், மலை, லாரி, எல்லாம் அச்சாக வரைந்திருக்கிறாள். என்னையும் வரைந்திருக்கிறாள். ஒரு தொப்பி, அதன் கீழே முழுக்க வாய்.

அந்தப் பதினோரு பேரும் காசிமிராவின் அண்ணன் ஊர்க்காரர்கள். மூன்றே பாட்டுத்தான் தெரியும், அதில் ஒன்று சாவு ஊர்வலப் பாட்டு. அதை வேகமாக வாசித்தால் ஒன்றும் தெரியவில்லை. பொழுது சாயும்வரை அந்த மூன்றையே திருப்பித் திருப்பி ஊதினார்கள், விசென்டினா ஒன்றையும் விடாமல் ஆடினாள், பிறகு உட்கார்ந்து இரண்டு தட்டு சாப்பிட்டாள். சதுக்கத்தின் நடுவில், ஊர் பார்க்க, யூஃப்ரேசியா பார்க்க, நான் அழுதேன். அத்தானிடம் தாராளமாகச் சொல்லிக்கொள்.

விருந்தின் முடிவில் சாமியார் வழக்கம்போல, அடுத்த வருஷம் யார் எடுக்கிறீர்கள் என்று கேட்டார். எல்லோரும் குனிந்து தட்டைப் பார்த்தார்கள். மர்யேத்தா எழுந்து நின்று ஆமாம் என்றாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. சாமியார் பயந்துபோய், காசிமிராவை விட்டுக் கையாலும் காலாலும் விளக்கச் சொல்லி, இன்னும் இரண்டு முறை கேட்டார். மூன்று முறையும் ஆமாம். அடுத்த ஏப்ரலில் திரும்பி வருகிறாள், மாடி அறையைச் சுண்ணாம்படிக்கச் சொல்லியிருக்கிறேன். நேற்றே மாவு பிசைந்து முதல் ரொட்டியையும் சுட்டுவிட்டாள்.

யாருக்கு என்று கேட்கிறாயா? மறியல் எடுத்தாயிற்று, இந்தக் கடிதத்தோடு பஸ் டிரைவர் ஒரு துணி மூட்டை கொடுத்திருப்பாரே. இருபத்தாறு வருஷமாக அரேகிப்பாவில் ஒளிந்துகொண்டு, நம் ஊர் ரொட்டி ஒன்றுக்கும் சிக்காமல் இருந்தாய். ஆனால் உன்னை எனக்குத் தெரியாதா, கடிதத்தைப் பிரிக்கும் முன்னால் மூட்டையைத்தான் பிரித்திருப்பாய். மாவுப் பொம்மையின் தலையை முதலில் பிய்த்திருப்பாய்.

சாமிக்கு வாணவேடிக்கை கொண்டுவருவாயா அக்கா?